வேலை போனவருக்குப் புரியாத பாஷையில் பாரமா?

"கல்யாண் யோஜனா" என்று ஒரு திட்டம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் நாலு தொழிலாளிகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் தர்ற திட்டமா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

அவர்கள் மேல் தப்பு இல்லை. தமிழில் கல்யாணம் என்றால் கல்யாணம்தான்!

அது வேலை போனவர்களுக்குப் பணம் தரும் திட்டம். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்கிற தொழிலாளி வேலையை இழந்தால் அவர் கைக்கு வரவேண்டிய பணம். அதன் முழுப் பெயர் "அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா". காப்பீடு செய்தவர் நலத் திட்டம் என்று அர்த்தம். 2018-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் அமலுக்கு வந்தது.

பெயரைக் கேட்டாலே என்ன என்று தெரியவில்லை. அப்புறம் எப்படி வரிசையில் போய் நிற்பது?

இதற்கு முன்பும் இதே கதைதான். 2005-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி இன்னொரு திட்டம் வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பு நடந்தாலோ தொழிலாளிக்கு உதவித்தொகை. அதற்குப் பெயர் "ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா". அப்போதும் கல்யாண்! ஆட்சி மாறியது. தலைவர் பெயர் மாறியது. பெயரின் பாஷை மட்டும் மாறவே இல்லை.

எவ்வளவு பணம்?

2018-ல் தொடங்கியபோது, சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம் என்றார்கள். அதிகபட்சம் 90 நாளைக்குக் கிடைக்கும். வாழ்நாளில் ஒரு முறைதான்.

2020-ல் கொரோனா வந்தது. ஊரடங்கு போட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அப்போது 25 சதவீதத்தை 50 சதவீதமாக உயர்த்தினார்கள். வேலை போய் 90 நாள் கழித்துத்தான் கேட்கலாம் என்று இருந்ததை, 30 நாள் என்று குறைத்தார்கள். பழைய முதலாளி மூலமாக மனு வரவேண்டாம், தொழிலாளியே நேரடியாக இ.எஸ்.ஐ. கிளை ஆபீசில் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள்.

எல்லாம் நல்ல காரியம். பாராட்ட வேண்டியதுதான்.

கணக்குப் பாருங்கள். தினம் 600 ரூபாய் சம்பளம் வாங்கியவருக்குப் பாதி என்றால் 300 ரூபாய். 90 நாளைக்கு 27 ஆயிரம் ரூபாய். வேலை இல்லாத வீட்டில் 27 ஆயிரம் என்பது மூன்று மாத வாடகை. பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அடகுக் கடைக்குப் போகாமல் தப்பிய தாலிச் செயின்!

இது தர்மமும் இல்லை, இனாமும் இல்லை. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த பணம். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்று வைத்தார்கள். 18 ஆயிரம் சம்பளம் என்றால் தொழிலாளி 135 ரூபாய், முதலாளி 585 ரூபாய். மாதம் 720 ரூபாய் அவர் பெயரில் போகிறது. பிடிக்கும்போது பாஷை தடையாக இல்லை. திருப்பிக் கேட்கும்போது மட்டும் ஏன் தடை?

ஒரு சொல்லில் போகும் பணம்

ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். வயது 45. எட்டாம் வகுப்பு. லேத் பட்டறையில் பதினெட்டு வருஷம். மெஷின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் இங்கிலீஷ் வாசிக்க வராது.

ஆர்டர் இல்லை என்று கம்பெனி ஆளைக் குறைக்கிறது. ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு பேப்பரை நீட்டுகிறார்கள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுப்பா. செட்டில்மெண்ட்ட வாங்கிக்கோ."

"என்ன சார் எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல, வழக்கமான பேப்பர்தான். எல்லாரும் போட்டுட்டாங்க."

போட்டுவிடுகிறார். அந்த இங்கிலீஷ் பேப்பரில் இருப்பது ஒரே ஒரு விஷயம். "என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்."

முடிந்தது கதை! வயதாகி ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் இந்த உதவித்தொகை கிடையாது என்பது திட்டத்தின் விதி. தானாக விலகினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, "இல்லை சார், அவங்கதான் அனுப்பிட்டாங்க" என்று பிறகு போய் நிரூபிப்பது சாதாரண காரியமா?

இ.எஸ்.ஐ. பணம் மட்டுமா போகிறது? ஆட்குறைப்பு என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் தரவேண்டும், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடாகத் தரவேண்டும் என்பது 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்ட காலத்தில் இருந்து வரும் விதி. பதினெட்டு வருஷத்துக்கு 270 நாள் சம்பளம்! தினம் 600 என்றால் 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய். வாசிக்கத் தெரியாத ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை.

எல்லா முதலாளியும் இப்படிச் செய்வதாகச் சொல்லவில்லை. நேர்மையாகக் கணக்கு முடித்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் படிக்கத் தெரியாத பேப்பரில் கையெழுத்து வாங்குவது சுலபமாக இருக்கும் வரை, ஏமாற்ற நினைப்பவனுக்குக் கொண்டாட்டம்தான்.

பாரத்தில் என்ன சிக்கல்?

கையெழுத்து கண்டம் தாண்டி வந்தாலும் அடுத்து பாரம். 2018-ல் திட்டம் வந்தபோது விண்ணப்பம் இங்கிலீஷில் வந்தது. இன்டர்நெட்டில் போட வேண்டும்.

பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பர் கேட்கும். ஆதார் கேட்கும். பாங்கி கணக்கு, 11 எழுத்து கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. கோடு கேட்கும். எந்தத் தேதியில் வேலை போனது என்று கேட்கும். அப்புறம் "கான்ட்ரிபியூஷன் பீரியட்" என்று ஒன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வேலை போவதற்கு முன் இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், இந்த ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும் என்றெல்லாம் விதி.

இதில் எதுவுமே அந்த லேத் தொழிலாளிக்குத் தெரியாத விஷயம் இல்லை! "கான்ட்ரிபியூஷன்" என்றால்தான் தெரியாது. "இ.எஸ்.ஐ. பிடித்தம்" என்று கேட்டால், எந்த மாதம் பிடித்தார்கள், எந்த மாதம் பிடிக்கவில்லை என்று விரல் விட்டுச் சொல்லுவார்.

"பையன் படிச்சிருப்பானே, பிரவுசிங் சென்டர் தெருவுக்குத் தெரு இருக்கே, அங்கே போய்க் கேட்க வேண்டியதுதானே?" என்று சிலர் சொல்லுவார்கள்.

கேட்கலாம். அப்பாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்பதை ஒன்பதாவது படிக்கும் மகள் கம்ப்யூட்டரில் டைப் அடிக்க வேண்டும். அல்லது, முன்பின் தெரியாத கடைக்காரப் பையனிடம் ஆதார் நம்பர், பாங்கி நம்பர், போனில் வரும் ஓ.டி.பி. எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு இலக்கம் தப்பாக விழுந்தால் பணம் வராது. ஏன் வரவில்லை என்கிற பதிலும் இங்கிலீஷில் வரும். அதைப் படிக்க மறுபடியும் அதே கடை. மறுபடியும் காசு!

கிளை ஆபீசில் தமிழ் தெரிந்த கிளார்க் இருப்பார். பொறுமையாக விளக்கிச் சொல்லுகிற நல்லவர்களும் உண்டு. ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பாரத்தில் இருப்பதுதான் செல்லும்.

பழைய சட்டம் மறந்தே போச்சா?

தொழிலாளிக்குப் புரிகிற பாஷையில் சொல்லவேண்டும் என்பது புதுக் கோரிக்கை அல்ல. வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒப்புக்கொண்ட விஷயம்.

1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடா சட்டம். அதன் சுருக்கத்தை இங்கிலீஷிலும், பெரும்பாலான தொழிலாளர்களின் பாஷையிலும் ஆலையில் ஒட்டவேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

1946-ம் ஆண்டு நிலையாணைச் சட்டம். தொழிற்சாலையின் விதிமுறைகளைப் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் பாஷையில், அவர்கள் நுழையும் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டவேண்டும் என்றது.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமும் நோட்டீஸ் விஷயத்தில் இதையேதான் சொன்னது.

இ.எஸ்.ஐ. சட்டம் பிறந்ததும் அதே 1948-ல்தான்! ஆலை வாசலில் மாட்டும் போர்டுக்கு இருந்த நியாயம், வேலை போன பிறகு நீட்டும் பாரத்துக்கு இல்லாமல் போனது எப்படி?

அரசியல் சட்டத்தையும் பார்க்கலாம். 350-வது பிரிவு. மத்திய சர்க்காரோ மாநில சர்க்காரோ, எந்த அதிகாரியிடமும் ஒருவர் தன் குறையை, மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுவாகக் கொடுக்கலாம். தமிழில் எழுதித் தந்தால் "இங்கிலீஷில் கொண்டு வா" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை.

மதுரை எம்.பி. சு.வெங்கடேசன் இங்கிலீஷில் எழுதிய கடிதத்துக்கு மத்திய மந்திரியிடம் இருந்து இந்தியில் பதில் வந்த விவகாரம் ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போனது. எந்த மொழியில் மனு வந்ததோ அந்த மொழியில் பதில் தரவேண்டும் என்று 2021-ல் கோர்ட்டு சொன்னது. எம்.பி.க்கு வந்த கஷ்டம் கோர்ட்டு வரை போய்த் தீர்ந்தது. லேத் தொழிலாளி எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

முடியாத காரியமா இது? பாங்கிக்குப் போய்ப் பாருங்கள். பணம் கட்டும் சலானில் தமிழ் இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் தரும் பாரங்கள் இங்கிலீஷ், இந்தி, அந்தந்த மாநில மொழி என மூன்றிலும் இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. ஏ.டி.எம். மெஷின் கூட முதலில் "எந்த மொழி?" என்றுதான் கேட்கிறது. மெஷினுக்கு இருக்கிற மரியாதை சர்க்கார் பாரத்துக்கு வேண்டாமா?

தமிழில் இருந்தால் மட்டும் போதுமா?

மத்திய சர்க்காரை மட்டும் குறை சொன்னால் நியாயம் ஆகாது. மாநில சர்க்காரிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாத உதவித்தொகை. பத்தாவது ஃபெயில் என்றால் 200 ரூபாய். பாஸ் என்றால் 300. பிளஸ் 2-வுக்கு 400. பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம் கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது.

இங்கே பாரம் தமிழில் கிடைக்கிறது. 1956-ம் ஆண்டிலேயே ஆட்சிமொழிச் சட்டம் போட்ட மாநிலம் ஆயிற்றே!

ஆனால் எந்தத் தமிழ்? "சுய உறுதிமொழி ஆவணம்" என்கிறார்கள். "பதிவு நடப்பில் இருத்தல் வேண்டும்" என்கிறார்கள். "மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கார்டைப் புதுப்பிச்சீங்களா?" என்று கேட்டால் பத்தாவது ஃபெயில் ஆன பையனுக்கு உடனே புரியும். "நடப்பில் இருத்தல்" என்றால் நடந்துபோவதா என்று முழிப்பான்! பத்தாவது ஃபெயில் ஆனவருக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, எம்.ஏ. தமிழ் படித்தவருக்கான பாரத்தைக் கொடுப்பது என்ன கணக்கு?

கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, பொத்தானைத் தட்டினால் தமிழ் என்று அதிகாரிகள் சொல்லலாம். அது "கான்ட்ரிபியூஷன்" என்பதை "நன்கொடை" என்று போட்டால் என்ன ஆகும்? "நான் யாருக்கும் நன்கொடை கொடுக்கலையே" என்று தொழிலாளி "இல்லை" என்று டிக் அடிப்பார். வந்த பணமும் போகும். கம்ப்யூட்டர் எழுதட்டும். அதை ஒரு தொழிலாளியை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அச்சடிக்கட்டும்.

ஒடிசா பையனுக்கு யார் சொல்வது?

இன்னொரு நியாயமும் இருக்கிறது. அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நின்று பாருங்கள். ஒரியா கேட்கும். இந்தி கேட்கும். பெங்காலி கேட்கும். அந்தப் பையன்கள் சம்பளத்திலும் அதே 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். கம்பெனி மூடினால் அவர்களுக்கும் அதே உரிமை உண்டு.

தமிழ் தெரியாத அந்தப் பையன் சென்னையில் படும் பாடு, இந்தி தெரியாத தமிழன் டில்லியில் படும் பாடுதான். இரண்டும் ஒரே வலி. தமிழில் பாரம் கேட்கிற வாய், ஒரியாவில் ஒரு நோட்டீஸ் ஒட்டச் சொல்லவும் தயங்கக் கூடாது. அப்போதுதான் கேட்கிற கேள்விக்கு மதிப்பு.

அமெரிக்காவில் நடந்தது

வேலை போனால் பணம் என்பது அமெரிக்காவில் 1935-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. அங்கே இங்கிலீஷ் தெரியாதவர்கள் ஏராளம். ஸ்பானிஷ், சீனம், வியட்நாம் மொழி பேசுகிறவர்கள் இதே கவுண்டரில்தான் நிற்கவேண்டும்.

1974-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. சான்பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் பிள்ளைகள் வழக்கு. ஒரே பள்ளி, ஒரே புத்தகம், ஒரே வாத்தியார் கொடுத்துவிட்டால் சமமாக நடத்தியது ஆகாது, புரிந்தால்தான் சமம் என்பது அதன் சாரம். 1973-ல் கலிபோர்னியா மாநிலம், சர்க்கார் ஆபீஸ்களில் மக்களின் மொழி தெரிந்தவர்களை வைக்கவேண்டும் என்று சட்டமே போட்டது. 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி கிளின்டன், இங்கிலீஷ் சரியாக வராதவர்களுக்கும் சர்க்கார் சேவை புரியும்படி கிடைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவை 2025 மார்ச் 1-ந்தேதி ஜனாதிபதி டிரம்ப் ரத்து செய்தார். இங்கிலீஷ்தான் நாட்டின் அதிகார மொழி என்று அறிவித்தார்.

இதில் சென்னைக்கு ஒரு பாடம் இருக்கிறது. உத்தரவாக இருந்தால் இன்னொரு உத்தரவு வந்து அழித்துவிடும். திட்டத்தின் விதியிலேயே எழுதி வைத்தால்தான் நிற்கும்.

செய்யவேண்டியது என்ன?

பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் இல்லை.

திட்டத்தின் பெயரோடு "வேலை போனால் உதவித்தொகை" என்று தமிழில் ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளிலும் டிஸ்பென்சரிகளிலும் பெரிய எழுத்தில் மாட்டவேண்டும். கே.கே.நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்க வருகிற கூட்டத்தின் கண்ணில் படட்டும்.

பாரத்தைப் பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் உள்ள தமிழில் தரவேண்டும். "பிடித்தம்" என்றால் பிடித்தம் என்றே போடட்டும்.

மனு தள்ளுபடி ஆனால், என்ன காரணம், யாரிடம் முறையிடுவது, எத்தனை நாளுக்குள் என்ற மூன்றும் மனுதாரரின் மொழியில் வரவேண்டும்.

வேலையை விட்டு அனுப்பும்போது வாங்கும் கையெழுத்துப் பேப்பர் தொழிலாளியின் மொழியிலும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்து செல்லாது என்று விதியில் சேர்க்கவேண்டும். இதுதான் முக்கியம்.

கிளை ஆபீசில் வாரம் ஒரு நாளாவது ஒரியா, இந்தி தெரிந்த ஒருவர் உட்காரவேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. கேட் மீட்டிங்கில் கோஷம் போடுவதோடு, "புரியாத பேப்பரில் கையெழுத்துப் போடாதே" என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கலாமே!

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014-ல் மூடியதை இந்த ஊர் பார்த்தது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் தயாரிப்பு நின்றதையும் பார்த்தது. நாளைக்கு எந்த கேட் மூடும் என்று யாருக்கும் தெரியாது.

வேலை போன அன்றைக்கு மனுஷன் பாதி உடைந்துபோய் நிற்கிறான். அவன் பணத்தை அவனுக்குத் தர 2020-ல் நாளைக் குறைத்தார்கள், தொகையை ஏற்றினார்கள், விதியைத் தளர்த்தினார்கள். இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு, அவனுக்குப் புரியும் பாஷையில் ஒரு பாரம் அச்சடிக்கத் தெரியாதா?

அதிகாரிகள் யோசிக்கட்டும். சீக்கிரம் யோசிக்கட்டும்!